பழைய பிரிட்டிஷ் துப்பறியும் தொடர் எதையாவது பல வருடம் கழித்து மறுபடி பார்த்திருக்கிறீர்களா? எப்படி இருந்தது?

பார்த்தேன். போன மழைக்காலத்தில் முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஆறு வாரம் வீட்டோடு கிடந்தேன். அப்போது 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' தொடரை முதலிலிருந்து கடைசிவரை ஒரு சுற்று முடித்தேன். மொத்தம் 33 கதைகள், ஒவ்வொன்றும் ஒரு சினிமா நீளம். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவனுக்கு இதைவிடத் தோதான வைத்தியம் கிடையாது.

முதல் தடவை பார்த்தது 1992-ல், பர்மிங்காமில். படிக்கப் போன இடத்தில் வயதான ஒரு வெள்ளைக்கார அம்மாவின் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். அந்த அம்மாவுக்கு மோர்ஸ் என்றால் பைத்தியம். ஐடிவி சேனலில் ஓடும்போது பார்ப்பார், கூடவே வீடியோ டேப்பில் பதிவும் செய்துகொள்வார். விளம்பரம் வந்தால் எழுந்து போய் டீக்குத் தண்ணீர் வைப்பது என் வேலை. என்ன ஆர்வம் இருந்தாலும் கடைசி அரைமணியில் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். மறுநாள் காலை டோஸ்ட் கருகும் வாசனையோடு கீழேயிருந்து கேள்வி வரும்: "யார் கொன்றது?" நான் சொல்ல வேண்டும். டேப்பைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்காதீர்கள். அந்த டேப்புகள் நம் வீட்டு வடகம், வற்றல் மாதிரி. டப்பாவில் நிறைந்திருந்தால் போதும், மனசுக்கு ஒரு தெம்பு.

தொடர் தெரியாதவர்களுக்கு: ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சீஃப் இன்ஸ்பெக்டர், பெயர் மோர்ஸ். கல்யாணம் ஆகவில்லை. வாக்னர், மோட்ஸார்ட் இசை, குறுக்கெழுத்து, பீர், மெரூன் நிறத்தில் பழைய ஜாகுவார் மார்க் 2 கார், இவ்வளவுதான் வாழ்க்கை. நடித்தவர் ஜான் தா. கூடவே அலையும் சார்ஜென்ட் லூயிஸாகக் கெவின் வேட்லி. மூலக்கதை காலின் டெக்ஸ்டருடையது. 1975-ல் முதல் நாவல் வந்தது. தொடர் 1987 ஜனவரியில் ஆரம்பித்து 2000 நவம்பரில் முடிந்தது.

இந்தத் தடவை முதல் அதிர்ச்சி வயதுதான். 22 வயதில் பார்த்தபோது மோர்ஸ் எனக்குத் தாத்தா. நரைத்த தலை, சலித்த முகம், எரிச்சல். இப்போது தேடிப் பார்த்தால், முதல் கதை ஒளிபரப்பானபோது ஜான் தாவுக்கு 45 வயது முடிந்து மூன்று நாள். எனக்குத் தம்பி முறை ஆகிவிட்டார்! அதன்பிறகு அவர் இளம் பெண்களிடம் வழியும் காட்சிகளை என்னால் பழைய மாதிரி மரியாதையோடு பார்க்க முடியவில்லை. "தம்பி, வேண்டாம்ப்பா" என்று டிவியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது, இதைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன். மோர்ஸ் பெரும்பாலும் தப்பாகத்தான் கண்டுபிடிக்கிறார். என் நினைவில் இருந்தது ஒரு மேதை. ஷெர்லாக் ஹோம்ஸ் வகையறா. மறுபடி பார்த்தால் ஆள் கதைக்கு இரண்டு தடவையாவது தவறான ஆளைச் சந்தேகப்படுகிறார், கோபமாய்க் கத்துகிறார், அப்புறம் எல்லாம் பொய்யாகிப்போய் ஜாகுவாருக்குள் உட்கார்ந்து வெறித்துப் பார்க்கிறார். முதல் கதை 'தி டெட் ஆஃப் ஜெரிக்கோ'வையே எடுத்துக்கொள்ளுங்கள். சேர்ந்திசைக் குழுவில் பழக்கமான ஒரு பெண் தூக்கில் தொங்கிக் கிடக்கிறாள். மனசு தாளாமல் மோர்ஸ் யோசித்து யோசித்து, இது சோஃபக்ளீஸின் ஈடிபஸ் கதை (யாரென்று தெரியாமலே பெற்ற தாயை மணந்தவனைப் பற்றிய கிரேக்க நாடகம்) அப்படியே நடந்திருக்கிறது என்று அழகான ஒரு விளக்கத்தைக் கட்டிவிடுகிறார். பெற்ற தாய், தெரியாத மகன், சாபம், எல்லாம் கனகச்சிதமாகப் பொருந்துகிறது. 1992-ல் டேப்பில் பார்த்தபோது அந்த இடத்தில் புல்லரித்தது. அந்த விளக்கம் முழுக்கத் தப்பு என்பது எனக்குச் சுத்தமாக மறந்தே போயிருந்தது! லூயிஸ் விசாரித்துக்கொண்டு வந்து சொல்லும் சாதாரணத் தகவல் அந்தக் கோபுரத்தை அப்படியே சாய்த்துவிடுகிறது. கிரேக்க நாடகம் தெரியாத லூயிஸ், தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்ட மாதிரி நெளிகிறார். அதே கதையில் மோர்ஸுக்குப் பதவி உயர்வும் கைநழுவி இன்னொருவருக்குப் போகிறது. நாயகனை இப்படியா அறிமுகப்படுத்துவார்கள்? இவர்கள் அப்படித்தான் அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள்.

பிறகு எப்படித்தான் கேஸ் முடிகிறது என்றால், லூயிஸ் சம்பந்தமில்லாமல் எதையாவது சொல்வார். பிள்ளையின் பள்ளிக்கூடக் கதை, மனைவி வேல் சொன்னது, இப்படி ஏதோ ஒன்று. மோர்ஸ் சட்டென்று நிமிர்வார், "லூயிஸ்!" என்பார், எழுந்து ஓடுவார். பாதிக் கோப்பைப் பீர் மேசையிலேயே நிற்கும்.

அந்தப் பீருக்கு வருகிறேன். படுத்துக்கிடந்தவனுக்கு வேறு வேலை இல்லாததால் பப்பில் காசு கொடுப்பது யார் என்று கவனிக்க ஆரம்பித்தேன். லூயிஸ்தான். குடிப்பதும் பெரும்பாலும் அவர் இல்லை. அவர் முன்னால் ஆரஞ்சு ஜூஸ் இருக்கும். சீஃப் இன்ஸ்பெக்டருக்கும் சார்ஜென்டுக்கும் சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம்! லூயிஸுக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள் வேறு. மோர்ஸ் ஒரு பார்வை பார்ப்பார், லூயிஸ் பையில் கைவிடுவார். அந்த வயதில் இது எனக்குச் சிரிப்பாக இருந்தது. அப்புறம் வேலைக்குச் சேர்ந்து, நாலு வருடம் ஒரு மேலதிகாரிக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன். அவர் பர்ஸ் என்ன நிறம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதனால் இந்தத் தடவை ஒவ்வொரு பப் காட்சியிலும் எனக்கு வயிறு எரிந்தது. வேடிக்கை என்னவென்றால், கட்டுப் பிரித்து ஆபீஸ் போன முதல் நாள் டீக்கடையில் என் கை பைக்குப் போகவேயில்லை. கூட இருந்த பையன் கொடுத்துவிட்டான். பழக்கமாகியிருக்கிறது போல.

நாள்பட்டுக் கெட்டுப்போன விஷயங்களும் உண்டு. மூன்று கோப்பை குடித்துவிட்டுக் கார் ஓட்டுகிறார் மனிதர். பிரிட்டனில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கு 1967-லேயே சட்டம் வந்து, ஊதச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். போலீஸ்காரருக்கு அது பொருந்தாது போல! பெண்கள் விஷயமும் அப்படித்தான். மோர்ஸுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டால் அவள் கொலையாளி, இல்லையென்றால் அடுத்த பிணம் என்று பாதியிலேயே கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்லிவிடலாம். என் மகள் இரண்டு கதை பார்த்துவிட்டு எழுந்து போனதற்கு இதுதான் காரணம். மெதுவாகப் போகிறது என்று அவள் குறை சொல்லவில்லை. எனக்கு அது ஆச்சரியமாகத்தான் இருந்தது.

கெடாமல் இருப்பது இசை. தலைப்பு இசையைப் போட்டவர் பாரிங்டன் ஃபெலூங் என்ற ஆஸ்திரேலியர். மோர்ஸ் என்ற பெயரையே தந்திக் குறியீட்டில் அதற்குள் புதைத்திருக்கிறார். இரண்டு நீள ஒலி, மூன்று நீள ஒலி, பிறகு குறில் நெடில் குறில், மூன்று குறில், கடைசியில் ஒரு குறில். இது அப்போது எனக்குத் தெரியாது. இப்போது விரலால் கட்டில் சட்டத்தில் தட்டித் தட்டிப் பிடித்துவிட்டேன். அதேபோல டெக்ஸ்டர் ஏறக்குறைய எல்லாக் கதையிலும் ஒரு மூலையில் தலைகாட்டுவார். தெருவில் நடந்து போவார், விருந்தில் நிற்பார். அவரைத் தேடுவது தனிப் பொழுதுபோக்கு. மோர்ஸ், லூயிஸ் என்ற பெயர்களே குறுக்கெழுத்துப் புதிர்களில் கரைகண்ட இருவரிடமிருந்து அவர் எடுத்தவை. நாவலில் லூயிஸ் வேல்ஸ்காரர், மோர்ஸைவிட மூத்தவர். டிவிக்காக அவரை இளைஞராக்கி, வடக்கே நியூகாஸில் பேச்சும் கொடுத்துவிட்டார்கள். நல்ல காரியம் செய்தார்கள். அந்தப் பேச்சில் அவர் "சார்" என்று இழுப்பதற்கே ஒரு தடவை பார்க்கலாம்.

ஒரு கதையை மட்டும் இந்தத் தடவை ஒரே மூச்சில் பார்க்க முடியாமல் போயிற்று. 'செருபிம் அண்ட் செராஃபிம்', 1992-ல் வந்தது. இயக்கியவர் டேனி பாய்ல். ஆமாம், பின்னாளில் ரஹ்மான் ஆஸ்கர் வாங்கிய 'ஸ்லம்டாக் மில்லியனர்' எடுத்தவரேதான். மோர்ஸின் உறவுக்காரச் சிறுமி தற்கொலை செய்துகொள்கிறாள். ஏன் என்று தெரியாமல், இரவெல்லாம் பாட்டும் ஆட்டமும் நடக்கும் இடங்களில் அந்த மனிதர் கோட்டோடு அலைகிறார். ஒளிபரப்பான அன்று நான் அந்தப் பிள்ளைகளின் கட்சி. பாட்டு வரும்போதெல்லாம் அந்த அம்மா சத்தத்தைக் குறைப்பார், எனக்கு எரிச்சலாக வரும். இப்போது பாதியில் நிறுத்தி, மகள் அறையில் விளக்கு எரிகிறதா என்று நொண்டிக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மீதியை மறுநாள்தான் போட்டேன்.

கடைசிக் கதை 'தி ரிமோர்ஸ்ஃபுல் டே'. மோர்ஸ் சாகிறார் என்பது ஊருக்கே தெரியும், மறைக்க ஒன்றுமில்லை. கல்லூரிப் புல்தரையில் விழுகிறார், மருத்துவமனையில் உயிர் போகிறது. அப்போது லூயிஸ் பக்கத்தில் இல்லை. "லூயிஸுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்" என்பதுதான் கடைசிப் பேச்சு. பதின்மூன்று வருடத் தொடரில் நேரில் சொல்லாததை ஆள் விட்டுச் சொல்கிறார். பிறகு லூயிஸ் வந்து குனிந்து அந்த நெற்றியில் முத்தமிடுகிறார். "குட்பை, சார்." ஜான் தாவும் அதற்கடுத்து நெடுநாள் இல்லை, 2002 பிப்ரவரியில், 60 வயதில் போய்விட்டார்.

சரி, கடைசியாக ஒன்று. அந்த அம்மா தூங்கிவிட்ட கதைகளில் ஒன்றை நவம்பரில் மறுபடி பார்த்தேன். எது என்று சொல்லமாட்டேன், நீங்கள் பார்க்கக்கூடும். கடைசிப் பத்து நிமிடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 1992-ல் என் ஆங்கிலக் காது அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை போல. வாக்குமூலம் கொடுத்தவன் ஒருவன், மறுநாள் காலை அடுப்படி வாசலில் நின்று நான் சொன்ன பெயர் வேறு. அந்த அம்மா டோஸ்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "நான் அப்போதே நினைத்தேன்" என்று தலையாட்டினார்.