எலக்ட்ரானிக்ஸ் படிப்பும் கம்பெனிப் பயிற்சியும்: கேள்வி பதில்

திருமங்கலம், ஒரு அப்பா: சார், மகளுக்கு இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) நல்லதா, சிஎஸ்இ (கம்ப்யூட்டர்) நல்லதா?

ஐயா, பழைய ரேடியோ ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அதைக் கழற்றாமல் அவளால் இருக்க முடியாது என்றால் இசிஇ. அவளையே கேளுங்கள், என்னை அல்ல.

மேலூர் மாணவி: அரசுப் பள்ளி அண்ணா. ஃபீஸ் கட்ட முடியாது.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியா? 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். ஏஜென்ட் பேச்சைக் கேட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிவிடாதேம்மா.

திருப்பரங்குன்றம், மூன்றாம் ஆண்டு: பணம் கட்டினால் ஒரு மாத இன்டர்ன்ஷிப் சான்றிதழ் தருகிறார்களாம். சேரட்டுமா?

கட்டாதே தம்பி. வேலை தருகிற கம்பெனி உதவித்தொகை தரும், தராமலும் போகும். உன்னிடம் வாங்காது.

வில்லாபுரம், கடைசி ஆண்டு: புராஜெக்டை ரெடிமேடாகச் செய்து விற்கிற சென்டரில் வாங்கினால் என்ன தப்பு? கம்ப்யூட்டர் சிமுலேஷனில் ஓடுகிறதே.

இன்டர்வியூவில் நான் முதலில் கேட்பது, "ரிலே ஆன் ஆனபோது போர்டு ரீசெட் ஆனதா?" கையால் செய்தவர்களுக்கு உடனே முகம் மலரும். அதோடு மல்லுக்கட்டி ராத்திரி தூங்காமல் இருந்திருப்பார்கள். ரிலே என்பது கரன்ட்டால் இயங்கும் சுவிட்ச். ரிலேயோ மோட்டாரோ கரன்ட்டை இழுக்கும்போது சப்ளை வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும், போர்டின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகிவிடும். அதைத் தடுக்க ஐசியின் (சிப்பின்) சப்ளை பின்னை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர், சப்ளையில் ஒரு பெரிய கப்பாசிட்டர் வைக்க வேண்டும். ரிலேயை ஆஃப் செய்தால் அதன் காயிலிலிருந்து எதிர் வோல்டேஜ் பாயும், அதைத் தடுக்கக் காயிலுக்குக் குறுக்கே டயோடு. சிமுலேஷனில் நீ வைக்கிற சப்ளை எப்போதும் முழு 5 வோல்ட், வயருக்கு ரெசிஸ்டன்ஸும் கிடையாது. இந்தப் பாடம் அங்கே வரவே வராது.

வில்லாபுரம்: லேபில் அவ்வளவு நேரம் எங்கே அண்ணா தருகிறார்கள்?

ஒரு லேப் டெக்னீஷியன்: சாயங்காலம் திறந்து வைத்தால் ஒருத்தரும் வருவதில்லை சார்.

வில்லாபுரம்: காலேஜ் பஸ் போய்விடுமே சார்! அப்புறம் இரண்டு டவுன் பஸ் மாற வேண்டும்.

பஸ் பிரச்சினை நிஜம்தான், அதற்காகப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். சனிக்கிழமை லேபைத் திறக்கச் சொல்லித் துறைத்தலைவரிடம் எழுதிக் கேளுங்கள். அதுவரை மதுரை டவுன்ஹால் ரோட்டில் மல்டிமீட்டர், பிரெட்போர்டு, சால்டரிங் அயர்ன் வாங்கி வீட்டில் உட்காருங்கள். சென்டரில் கொடுக்கிற காசில் கால்வாசிகூட ஆகாது.

பாலமேடு: அண்ணா, பணம் கட்டி இன்டர்ன்ஷிப்...

மேலே சொல்லிவிட்டேன். கட்டாதே.

அண்ணா நகர்: இங்கிலாந்தில் ஒரு வருடம் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் படிப்பு இருக்கிறதாமே?

இருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பு அப்போது நான்காகும், கம்பெனி வருடம் பெரும்பாலும் கடைசி ஆண்டுக்கு முன்னால் வரும். ஆனால் அந்த இடத்தை விண்ணப்பித்து நீயேதான் பிடிக்க வேண்டும். விசா விவரத்தை அந்தப் பல்கலைக்கழகத்திடமே கேள்.

ஒத்தக்கடை: மதுரையிலேயே ஹார்டுவேர் பயிற்சி கிடைக்குமா?

இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் ஐடி பூங்காக்களில் பெரும்பாலும் சாஃப்ட்வேர்தான். கப்பலூர், கே.புதூர் சிட்கோ தொழிற்பேட்டைகளில் இருக்கிற சின்னப் பட்டறைகளில் நேரில் போய்க் கேள். பயோடேட்டா மட்டும் நீட்டாதே, நீ சால்டர் செய்த போர்டையும் எடுத்துப் போ.