குவார்த்தராரோ என்றால் குயவர்தான்; அதைச் சொல்ல 180 யூரோ எதற்கு?

கேள்வி: நாங்கள் பலெர்மோவில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறோம். மகள் போன வருடம் ஒரு சிசிலியப் பிள்ளையைக் கலியாணம் கட்டினாள். மருமகனின் குடும்பப்பெயர் குவார்த்தராரோ. ஐப்பசியில் பேரப்பிள்ளை பிறக்க இருக்கிறது. கனடாவில் இருக்கும் மச்சாள், ‘அது சட்டி பானை செய்கிற ஆட்களின் பெயராம்’ என்று போனில் சொன்னதிலிருந்து என் கணவருக்கு மனம் சரியில்லை. இதற்கிடையில் இணையத்தில் ஒருவர், இது மிக அரிய பெயர், பிரபு குலம், 180 யூரோ கட்டினால் குலச்சின்னத்தோடு சான்றிதழ் தருவேன், பிள்ளையின் பதிவுக்கும் அது உதவும் என்கிறார். கட்டலாமா? பெயர் உண்மையிலேயே அரிதானதா? பிள்ளைக்கு எந்தப் பெயரை வைப்பது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அக்கா, முதல் வேலையாக அந்த 180 யூரோவைக் கட்டாமல் விடுங்கள். மிச்சத்தை ஆறுதலாகக் கதைப்போம்.

மச்சாள் சொன்னது சரி. குவார்த்தாரா என்பது சிசிலியில் தண்ணீர் சுமக்கும் மண் குடம். வயிறு பருத்து, கழுத்து ஒடுங்கி, இரண்டு பக்கமும் காது வைத்தது. காதை எடுத்துவிட்டால் எங்கள் ஊர்க் குடம்தான். நாட்டார் இசைக்காரர் அதன் வாயில் ஊதி ‘பூம் பூம்’ என்று அடித்தொனி எழுப்புவதும் உண்டு. ‘நாலில் ஒரு பங்கு’ என்று பொருள்படும் லத்தீன் அளவைச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதனுடன் ‘ஆரோ’ சேர்ந்தால் அதைச் செய்கிற ஆள். பால்காரர், பூக்காரர் என்பதில் ‘காரர்’ எதைச் செய்கிறதோ, அதையே அந்த ‘ஆரோ’ செய்கிறது. குடம் வனைகிறவர் குவார்த்தராரோ. அவ்வளவுதான் சங்கதி, இதற்கு மேல் இரகசியம் ஒன்றும் இல்லை.

இத்தாலியனில் ‘ராரோ’ என்றால் அரிது. இதே பெயருக்கு விற்கப்பட்ட சான்றிதழ் ஒன்று முன்பொருமுறை என் மேசைக்கு வந்தது. ‘பெயருக்குள்ளேயே அரிது என்ற சொல் இருக்கிறது பாருங்கள்’ என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அந்தக் கணக்குப்படி கொல்லரைக் குறிக்கும் ஃபெர்ராரோவை என்ன சொல்வது? சிரித்து முடிய எனக்கு ஐந்து நிமிடம் எடுத்தது. காசு கட்டிய மனிதருக்குச் சிரிப்பு வரவில்லை.

தொழிலால் வந்த பெயர்கள் இத்தாலி முழுவதும் நிறைந்து கிடக்கின்றன. கொல்லரை மட்டும் எடுங்கள். லொம்பார்தியா, எமிலியா பக்கம் ஃபெர்ராரி. தெற்கே ஃபெர்ராரோ. பியெமோந்தேயில் ஃபெர்ரெரோ. ரொமாஞ்ஞா, தொஸ்கானா பக்கம் ஃபாப்ரி. வெனேத்தோவில் ஃபாவெரோ. எல்லாம் ஒரே உலை, ஒரே சம்மட்டி. ஊர்ப் பேச்சு மட்டும் வேறு. உலகம் முழுதும் ஓடுகிற சிவப்புக் காரின் பெயரும், பிள்ளைகள் தின்னும் சொக்கலேட்டின் பெயரும் கொல்லன் பட்டறையிலிருந்து வந்தவைதான். அதற்காக யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. குயவருக்கும் இப்படியே ஊருக்கொரு பெயர். தெற்கில் பிஞ்ஞாத்தாரோ என்றால் சமையல் பானை செய்தவர். அரெத்சோ ஊரில் பிறந்த ஓவியரும், ஓவியர்களின் வரலாற்றை எழுதியவருமான ஜோர்ஜோ வசாரியின் பெயரும் குயவரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததே. அவருடைய பாட்டனார் மண்பாண்டம் வனைந்தவர்.

இனி உங்கள் கணவரின் மனக்கவலை. நீங்கள் எழுதாமல் விட்ட சொல்லை நான் எழுதுகிறேன்: சாதி. ‘சட்டி பானை செய்கிற ஆட்கள்’ என்று மச்சாள் சொன்னபோது அவர் நினைத்தது அதைத்தான். இத்தாலியில் தொழில்பெயர் அப்படி வேலை செய்ததில்லை. ஏதோ ஒரு தலைமுறையில் ஒரு மனிதர் குடம் வனைந்தார். ஊரில் நாலு அந்தோனியோ இருந்தபடியால் ‘குடக்கார அந்தோனியோ’ என்று அவரை அடையாளம் சொன்னார்கள். அடையாளம் எழுத்தில் ஏறியது. 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்தோ பொதுச்சங்கம், ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் ஒவ்வொரு பங்குக் கோவிலும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று கட்டாயமாக்கிய பிறகு அந்த அடையாளம் உறைந்துபோனது. மகன் மீன் பிடிக்கப் போனாலும் பெயர் குவார்த்தராரோ. பேரன் பாதிரியாரானாலும் அதே பெயர். யாரும் யாரையும் ‘குடக்காரர் வீட்டில் பெண் எடுக்கமாட்டோம்’ என்று பெயரைப் பார்த்து விலக்கவில்லை.

இதற்குக் கண்ணால் காணக்கூடிய சாட்சி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பெல்லெக்ரீனோ மலை ஏறி சாந்தா ரொசாலியாவைக் கும்பிடப் போகாத ஒரு நாளில் உங்கள் கணவரை வியா அல்லோரோவில் உள்ள அபாத்தெல்லிஸ் மாளிகைக்குக் கூட்டிப்போங்கள். அங்கே பேதுருவும் பவுலும் நிற்கிற, 1494இல் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. வரைந்தவர் ரிக்கார்தோ குவார்த்தராரோ. 1443இல் சிசிலியின் சாக்கா ஊரில் பிறந்தவர். கொலம்பஸ் காலத்திலேயே அந்தப் பெயர்க்காரர் ஒருவர் சக்கரத்தை விட்டுத் தூரிகை பிடித்துவிட்டார். (உடனே ‘மருமகன் ஓவியர் பரம்பரை’ என்று மச்சாளுக்குப் போன் போடாதீர்கள். குடம் வனைந்தவர் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார். பெயரும் ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாக முளைத்தது. இரண்டு குவார்த்தராரோக்கள் உறவாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை.)

இன்னொன்று. பழைய சிசிலியப் பதிவேடுகளில் கைவினைஞரின் பெயருக்கு முன்னால் ‘மாஸ்த்ரோ’ என்று மரியாதையாக எழுதுவார்கள். பலெர்மோவின் கைவினைஞர் சங்கங்கள் நகரக் கோட்டைச் சுவரைக் காவல் காக்கும் அளவுக்குப் பலமாக இருந்தன. 1822இல்தான் அவற்றைக் கலைத்தார்கள். செம்பு கொட்டுபவர் இருந்த வியா கல்தெராய், பூட்டு சாவி செய்தவர் இருந்த வியா தெய் கியவெத்தியேரி எல்லாம் நீங்கள் நடந்துபோகிற தெருக்கள்தான்.

பெயர் அரிதா என்று கேட்டீர்கள். மிலானோவில் அரிது. பலெர்மோவில் அரிதில்லை. குவார்த்தாரா என்ற சொல்லே சிசிலிப் பக்கத்துச் சொல் என்பதால் பெயரும் இங்கேயே குவிந்து கிடக்கிறது. முழு இத்தாலியின் சனத்தொகையை வைத்து வகுத்துப் பார்த்தால் எந்த ஊர்ப் பெயரும் அரிதாகத்தான் தெரியும். இணையத்தில் காட்டுகிற பெயர் வரைபடங்கள் பலவும் பழைய தொலைபேசிப் புத்தகத்தை எண்ணிச் செய்தவை. வீட்டுக்கு ஒரு இணைப்பு, அதுவும் ஒருவர் பெயரில். மனைவி கணக்கில் இல்லை, ஏனென்றால் இத்தாலியில் பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருப்பாள். பிள்ளைகள் கணக்கில் இல்லை. கைத்தொலைபேசி மட்டும் வைத்திருப்பவரும் இல்லை. அந்த எண்ணைக் காட்டி ‘உலகில் இத்தனை குடும்பம்தான்’ என்று ஒருவர் சொன்னால், அவருக்கு எண்ணத் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறார்.

குலச்சின்ன வியாபாரத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இத்தாலியக் குடியரசு 1948 ஜனவரி 1 முதல் பிரபுப் பட்டங்களை அங்கீகரிப்பதில்லை; அரசியலமைப்பின் இறுதிப் பகுதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். குலச்சின்னம் தருகிற அரச அலுவலகம் எதுவும் கிடையாது. சின்னம் ஒரு குடும்பத்துக்கு உரியது, பெயருக்கு உரியதல்ல. ஒரே பெயருள்ள எல்லோருக்கும் ஒன்றை அச்சடித்து விற்பது கலண்டர் விற்பது மாதிரி. இவர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு: ஒத்து ஒலிக்கிற பெயர்களை ஒன்றாகக் குழைப்பது. வெனேத்தோ பக்கம் குவார்த்தரோலோ என்றொரு பெயர் இருக்கிறது. பழைய வெனிஸில் அதே பெயரில் ஒரு சிறு காசும் புழங்கியது. அதைக் கொண்டுவந்து உங்கள் மருமகனுக்கு ஒட்டி ‘வெனிஸ் நாணயசாலைப் பரம்பரை’ என்று கதை கட்டிவிடுவார்கள். குடத்துக்கும் காசுக்கும் நடுவில் முழு இத்தாலியும் படுத்திருக்கிறது என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை.

உண்மை வேண்டுமானால் வழி இருக்கிறது, இலவசமாக. மருமகனின் பாட்டனார் எந்தக் கொமூனேயில், அதாவது எந்த நகரசபைப் பகுதியில், பிறந்தார் என்று கேளுங்கள். அங்கே பிறப்புப் பதிவின் சாற்றுப் பிரதி கேட்டால் முத்திரைக் கட்டணம் இல்லாமல் தரவேண்டும். (வேண்டும் என்றுதான் சொன்னேன். மின்னஞ்சலுக்குப் பதில் வராது, ஒரு மாதம் கழித்துப் போன் எடுத்தால் ‘அந்த அம்மா லீவு’ என்பார்கள். நேரில் போங்கள்.) 1866 முதல் ஒன்றுபட்ட இத்தாலியின் பதிவு. அதற்கு முன்னால், சிசிலியில் 1820 முதல், அப்போது அங்கே ஆண்ட பூர்பன் வம்ச அரசரின் பதிவு. இவற்றில் பெரும்பகுதியை இத்தாலியக் கலாசார அமைச்சின் ‘அந்தெனாத்தி’ தளத்தில் படமாகவே பார்க்கலாம். அதற்கும் முந்தியது கோவில் பதிவேடு.

1820க்குப் பிந்திய ஒரு பக்கத்தைத் திறந்தால் இரண்டு பத்தியாக இருக்கும். இடப்பக்கம் அரசாங்க எழுத்தர்: எத்தனை மணிக்கு, யார் வந்து, யாருடைய பிள்ளையைக் காட்டினார். வலப்பக்கம் ஒடுங்கிய பத்தியில் எந்தக் கோவிலில் என்றைக்கு ஞானஸ்நானம் என்ற குறிப்பு. இடப்பக்கத்தில் தகப்பனின் பெயருக்குப் பின்னால் வயதும் தொழிலும் இருக்கும். அந்தத் தொழிலைப் பாருங்கள். லாடம் அடிப்பவர் என்று பொருள்படும் மனிஸ்கால்கோ பெயர்க்காரர் கடற்தொழிலாளியாகவும், இடையர் பெயர்க்காரர் தையற்காரராகவும் இருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் தெரியாமல் போய்ப் பார்த்து அழுதவர்கள் இருக்கிறார்கள். சில பக்கங்களில் தகப்பன் பெயரே இருக்காது. பிள்ளையைக் காட்டுபவர் ‘சக்கரத்துக்குப் பொறுப்பான பெண்’ என்று எழுதியிருக்கும். மடங்களின், ஆஸ்பத்திரிகளின் சுவரில் சுழல்கிற மரப்பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். வளர்க்க வழியில்லாத தாய் இரவில் குழந்தையை அதில் வைத்துச் சுழற்றிவிட்டுப் போய்விடுவாள். உள்ளே இருக்கிற பெண் எடுத்து மறுநாள் கொமூனேக்குக் கொண்டுபோவாள். அங்கே மேசையில் இருந்தவர் பெயர் வைத்தார். பெரும்பாலும் த்ரொவாத்தோ, ப்ரொயெத்தோ, நாப்போலியில் எஸ்பொசித்தோ மாதிரி, கண்டெடுத்தது, விடப்பட்டது என்று வாழ்நாள் முழுதும் ஒட்டுகிற பெயர்கள். சில எழுத்தர்கள் இரக்கப்பட்டோ அலுத்துப்போயோ வாயில் வந்த ஏதாவது சொல்லை வைத்தார்கள். மாதம், பறவை, சாமான், தொழில் எதுவும். அப்படி வைத்த தொழில்பெயருக்கு அந்தத் தொழிலோடு ஒரு சம்பந்தமும் கிடையாது. மருமகன் வழியில் அப்படி ஒருவர் வந்தால் அந்த இடத்தில் தேடலை நிறுத்துங்கள். அதற்கு மேல் போகலாம், மரபணுச் சோதனையில் பிரபு வருவார் என்று சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். பலெர்மோவில் சட்டி பானை தேய்த்துச் சம்பாதித்த காசை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

பிள்ளையின் பதிவுக்கு வருவோம். பெயரின் பூர்வீகத்துக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இத்தாலியத் தகப்பனுக்குப் பிறக்கிற பிள்ளை பிறந்த கணமே இத்தாலியப் பிரசை. ஆஸ்பத்திரியில் 3 நாளுக்குள், அல்லது கொமூனேயில் 10 நாளுக்குள் பிறப்பை அறிவிக்கவேண்டும். முன்பு தகப்பன் பெயர் தானாக ஏறிவிடும். 2022இல் அரசியலமைப்பு நீதிமன்றம் 131ஆம் இலக்கத் தீர்ப்பில் அதை மாற்றியது. இப்போது இரண்டு பெற்றோரின் பெயரும், அவர்கள் சம்மதித்த வரிசையில். இருவரும் உடன்பட்டால் ஒருவரின் பெயர் மட்டும். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் இரட்டிக்காமலிருக்க ஒழுங்கான சட்டம் எழுதுங்கள் என்று நாடாளுமன்றத்துக்கும் அதே தீர்ப்பில் சொன்னார்கள். நாடாளுமன்றத்துக்குச் சொல்வதும் சுவருக்குச் சொல்வதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

உங்கள் வீட்டுக்கு இதில் ஒரு திருப்பம் உண்டு. எங்களுக்குக் குடும்பப்பெயர் இல்லை. மகளின் கடவுச்சீட்டில் ‘கொஞ்ஞோமே’ எனும் குடும்பப்பெயர் இடத்தில் இருப்பது அவளுடைய அப்பாவின் பெயர், அதாவது உங்கள் கணவரின் பெயர். இரண்டு பெயரும் வைத்தால் அவர் பெயர் பேரப்பிள்ளையின் பெயரோடு ஏறி, அதற்குப் பிறகும் போகும். குயவர் பெயரை நினைத்துக் கவலைப்படுகிறவரிடம் இதையும் சொல்லிப் பாருங்கள்.

கையெழுத்துக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். மகளின் கடவுச்சீட்டையும், வதிவிட அனுமதியான சொஜோர்னோ அட்டையையும், வரி இலக்கம் உள்ள கோதிச்சே ஃபிஸ்காலே அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கே, டபிள்யூ, ஒய் மூன்றும் இத்தாலியருக்கு வெளிநாட்டு எழுத்து. விட்டுவிடுவார்கள், அல்லது மாற்றிப் போடுவார்கள். குவார்த்தராரோவை ஒருவரும் பிழைவிடமாட்டார்கள். கோதிச்சேயில் அது கியூ, ஆர், டி என்ற மூன்று மெய்யெழுத்தாக ஒழுங்காக வந்து நிற்கும். பிழை வருவது எங்கள் பெயரில்தான். பிள்ளை பிறந்த பிறகு திருத்துவதென்றால் விண்ணப்பம், மொழிபெயர்ப்பு, தூதரகம், திரும்பவும் கொமூனே. பிழை இருந்தால் ஐப்பசிக்கு முன்னமே மகளின் அட்டைகளைத் திருத்தி முடியுங்கள்.