காற்றைக் குறைத்துக் கொடுப்பதுதான் சிகிச்சை

கேள்வி: தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். நியுமோனியா முற்றி, அம்மா அரச வைத்தியசாலையின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். கவிழ்த்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். ஒட்சிசன் அளவு 90ஐத் தாண்டவில்லை. "இங்கே காற்றைக் குறைத்து வைத்திருக்கிறார்கள், கொழும்பில் தனியார் இடத்தில் கட்டில் பிடித்துத் தருகிறேன்" என்கிறார் ஒருவர். நகையை அடகு வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். அந்த மனிதர் அழைத்தால் தொலைபேசியையும் எடுக்காதீர்கள்.

அம்மாவின் நுரையீரலில் பெரும்பகுதி நீர் கோத்து அடைபட்டிருக்கிறது. மிஞ்சிய சிறு பகுதிதான் மூச்சு வாங்குகிறது. முக்கால் கூடைக் கொழுந்தின் மேல் இன்னொரு கூடைக் கொழுந்தைத் திணித்தால் கூடை பிய்யும் அல்லவா? முழு நுரையீரலுக்கான காற்றைச் செலுத்தினால் நல்ல பகுதியும் அப்படித்தான் சிதையும். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வில், இத்தகைய நோயாளிகளுள் ஒரு மூச்சுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லிலீற்றர் காற்று பெற்றவர்களில் ஏறத்தாழ 40 வீதமானோர் இறந்தார்கள். 6 மில்லிலீற்றர் பெற்றவர்களில் 31 வீதம். இந்தக் கிலோ, உயரத்தை வைத்துக் கணக்கிடுவது. 150 சென்றிமீற்றர் உயரமுள்ள பெண்ணுக்கு ஒரு மூச்சுக்கு 260 மில்லிலீற்றர் அளவே வரும். இரத்தத்தில் ஒட்சிசன் 88 முதல் 95 வீதம் வரை நின்றால் போதும்.

கவிழ்த்துப் படுக்க வைப்பதும் கைவிட்டதன் அடையாளமல்ல. 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், நோய் கடுமையானவர்களை நாளுக்கு 16 மணி நேரமாவது இப்படி வைத்தபோது இறப்பு பாதியாகக் குறைந்தது. முகம் வீங்கும், பின்னர் வடியும்.

தரகருக்கு உங்கள் அம்மாவின் நுரையீரல் பற்றி எதுவும் தெரியாது. முற்பணத்தில் அவருக்குப் பங்கு உண்டு, அவ்வளவுதான். சேமலாப நிதியையும் தாலியையும் கரைத்துவிட்டு, பணம் தீர்ந்ததும் திரும்பவும் அரச வைத்தியசாலைக்கே நோயாளியைக் கொண்டுவந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கொழும்புக்குப் போகும் பாதையும் ஆபத்தானது. மூச்சு வெளியேறிய பின்னும் நுரையீரல் சுருங்கிவிடாதபடி கருவி ஓர் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. கினிகத்தேனை வளைவில் குழாய் ஒருமுறை கழன்றால், நாள்கணக்கில் விரித்தெடுத்த நுரையீரல் நிமிடத்தில் சுருங்கும்.

ஒரே விதிவிலக்கு: பொறுப்பான விசேட வைத்திய நிபுணரே மாற்றச் சொல்வது. அப்போதும் அவர் மறுமுனை நிபுணருடன் நேரடியாகப் பேசியிருக்க வேண்டும். கட்டில் உறுதியாகியிருக்க வேண்டும். பயணத்துக்கான வென்டிலேட்டரும், போதிய ஒட்சிசனும், குழாய் கழன்றால் திரும்பப் போடத் தெரிந்த வைத்தியரும், தாதியும் உடன் வர வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது மாற்றமல்ல, சூதாட்டம்.

இத்தனையையும் வாசலில் யாராவது ஐந்து நிமிடம் தமிழில் சொல்லியிருந்தால் தரகருக்கு அங்கே வேலையே இல்லை. தமிழும் அரச கரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. மலையக வைத்தியசாலைகளில் தாய் பிழைப்பாளா என்று கேட்க இன்னமும் மொழிபெயர்க்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. இது வெட்கக்கேடு.

நாளை சிங்களம் தெரிந்த ஒருவரை அழைத்துச் சென்று நிபுணரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: கருவி நேற்றைவிடக் குறைவாக ஒட்சிசன் கொடுத்தாலே போதுமாக இருக்கிறதா? நுரையீரலில் அழுத்தம் 30க்குள் நிற்கிறதா?