தனிப் பயிற்சியிலிருந்து குழு வகுப்புக்கு மாறினால் வலிமை குறையுமா?

ஜிம்மில் தனியாக எடை தூக்கி வந்தவர், பயிற்றுநர் நடத்தும் குழு வகுப்புக்கு மாறினால் சேர்த்த வலிமையை இழந்துவிடுவாரா என்பது உங்கள் கேள்வி. அது வகுப்பின் அமைப்பைப் பொறுத்தது. தசை வலிமை வளர்வதற்கு எடையையோ அதைத் தூக்கும் எண்ணிக்கையையோ படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஆனால் பல வகுப்புகளில் இலகுவான எடையும் குறைந்த ஓய்வுமே இருப்பதால், வியர்வை ஆறாகப் பெருகினாலும் ஸ்குவாட்டில் (தோளில் எடையைச் சுமந்து உட்கார்ந்து எழும் பயிற்சி) நீங்கள் தூக்கும் எடை முன்பிருந்த அளவிலேயே நின்றுவிடக்கூடும். வியர்வையை முன்னேற்றத்தின் அளவுகோலாகக் கொள்வது, என் பார்வையில், பலரும் செய்யும் தவறு.

குழுவின் உந்துதல் கற்பனையன்று. மிதிவண்டிப் பந்தயப் பதிவுகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் நார்மன் டிரிப்லெட், தனியாக ஓட்டியவர்களைவிடப் பிறரோடு போட்டியிட்டவர்கள் விரைவாகச் சென்றதை 1898-இலேயே சுட்டிக்காட்டினார். அதே உந்துதல், பக்கத்தில் இருப்பவருக்கு ஈடுகொடுக்கும் அவசரத்தில் பயிற்சியின்போது உடலை வைத்திருக்கும் சரியான நிலை குலைவதற்கும் வழிவகுக்கும் என்பதால், ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துத் திருத்தும் அளவுக்குச் சிறிய குழுவையே தேர்ந்தெடுங்கள். பழைய மூட்டு வலி ஏதேனும் இருப்பின் முதல் வாரமே பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள்.

பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வகுப்பில் கனமான எடைக்கு இடமில்லையெனில், அந்த இரண்டு நாள்களைப் பழைய தனிப் பயிற்சிக்கே ஒதுக்கிக்கொள்ளலாம்.