"நீங்க வர வேணாம்ப்பா"

வணக்கம் மேடம்,

நான் கடலூர் முதுநகரில் இருக்கிறேன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஆப்பரேட்டர் வேலை. சின்ன வயதிலிருந்தே தபேலா, டோலக் வாசிப்பேன். மெல்லிசைக் குழுவோடு கல்யாணம், கோயில் திருவிழா என்று இந்தப் பக்கம் பாண்டி, அந்தப் பக்கம் சிதம்பரம் வரைக்கும் போய் வருவேன். மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்தில் போட்ட மேடையிலும் வாசித்திருக்கிறேன்.

பையன் எட்டாவது படிக்கிறான். ரெண்டு வருஷமாகக் கீபோர்டு கிளாஸ் போகிறான். அவன் ஸ்கூலில் டேலன்ட் ஷோ வைக்கிறார்கள். அதில் அப்பா அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து செய்கிற மாதிரி ஒரு பிரிவு. பேர் கொடுத்ததே அவன்தான். "நான் கீபோர்டு, நீங்க தபேலா" என்று அவனே வந்து சொன்னான். எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

நைட் ஷிஃப்ட் இல்லாத நாளில் மொட்டை மாடியில் பிராக்டிஸ் பண்ணினோம். எண்பதுகளில் வந்த ஒரு பாட்டு. பல்லவி நன்றாக வாசிப்பான். ரெண்டாவது இன்டர்லூடில் வேகமாக ஒரு இடம் வரும், அங்கே விரல் சிக்கும். அவன் விட்டால் நான் ஒரு ரோல் போட்டு மூடிவிடுவேன், கேட்கிறவர்களுக்குத் தெரியாது. "நீ எங்க விட்டாலும் அப்பா பாத்துக்கறேன்டா" என்று தைரியம் சொல்லித்தான் வைத்திருந்தேன். கிளாஸ் டீச்சர் வீடியோ கேட்டார்கள், அனுப்பினோம். "உங்க அப்பா சூப்பரா வாசிக்கிறாரே" என்று அவனிடம் சொன்னார்களாம். பசங்களும் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தன், "இவரு எங்க ஊரு திருவிழாவுல அடிச்சவருதானே" என்று கேட்டானாம்.

அந்த வாரமே, "நீங்க வர வேணாம்ப்பா, டிராக் போட்டு நான் தனியா வாசிச்சுக்கறேன்" என்றான். ஏன் என்றால் பதில் இல்லை, ரூமுக்குள் போய்விடுகிறான். "பேர் குடுத்தாச்சு, ரெண்டு பேருக்கும் ஒரே துணியில சட்டை தைக்கக் குடுத்தாச்சு, இப்ப நிறுத்துறதா?" என்கிறாள் மனைவி. என் அம்மா, "அப்பன் மேளம் அடிக்கிறது அவனுக்கு வெட்கமா இருக்கு" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து தூக்கம் சரியில்லை. அவன் கீபோர்டே தபேலா காசில் வாங்கினதுதான் மேடம்.

நான் அவனோடு மேடை ஏறட்டுமா, விட்டுவிடட்டுமா?

— பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

*

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் அம்மாவின் தீர்ப்பை முதலில் ஓரமாக வைப்போம். நீங்கள் எங்கெங்கே வாசிக்கிறீர்கள் என்பது பேர் கொடுத்த அன்றைக்கும் உங்கள் மகனுக்குத் தெரியும். வெட்கப்படுகிறவன் தானாக வந்து "நீங்க தபேலா" என்று கேட்டிருப்பானா?

அந்த வாரத்தில் இரண்டு பேச்சு அவன் காதில் விழுந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் அந்த வகுப்புப் பையன் கேட்ட கேள்வியையே பிடித்துக்கொண்டீர்கள். எனக்கு டீச்சர் சொன்னதுதான் உறுத்துகிறது. நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் வீடியோவில் இருந்தது இரண்டு பேர், பாராட்டு வந்தது ஒருவருக்கு. அந்த இன்டர்லூடில் அவன் விட்டதும், நீங்கள் மூடியதும் கேட்கிறவர்களுக்குத் தெரியாது என்கிறீர்கள். வாசித்தவனுக்குத் தெரியுமே! "எங்க விட்டாலும் பாத்துக்கறேன்" என்று நீங்கள் தைரியமாகச் சொன்னது, "நீ விடுவாய்" என்றுகூட அவனுக்குக் கேட்டிருக்கலாம். இப்போது அவன் மேடையே வேண்டாம் என்று சொல்லவில்லை, தனியாக வாசிக்கிறேன் என்கிறான். கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி இதுதான்.

உங்களுக்கும் அவனுக்கும் மேடை ஒன்றேதான் என்று நினைக்க வேண்டாம். ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1965-இல் ஒரு விஷயத்தைத் தெளிவாக எடுத்து வைத்தார்: நன்றாகப் பழகிய வேலையை நாலு பேர் பார்க்கும்போது இன்னும் நன்றாகச் செய்வோம், பாதி பழகியதைச் செய்தால் இன்னும் சொதப்புவோம். 1982-இல் ஒரு அமெரிக்கக் கல்லூரியில் பில்லியர்ட்ஸ் ஆடும் மாணவர்களை வைத்து இதைப் பார்த்தார்கள். சிறிய ஆய்வுதான். நாலு பேர் மேஜைப் பக்கம் வந்து நின்றதும், நன்றாக ஆடுகிறவர்கள் சரியாக அடித்தது 71 சதவீதத்திலிருந்து 80 ஆனது, சுமாராக ஆடுகிறவர்களுடையது 36-லிருந்து 25 ஆனது. திருவிழாக் கூட்டத்தைப் பார்த்தால் உங்கள் கைக்குத் தெம்பு வரும். அதே கூட்டம் அவன் விரலை இறுக்கும். நீங்கள் அவனுக்கு அண்டக் கொடுக்கிறேன் என்று இன்னும் நன்றாக வாசிக்க வாசிக்க, பக்கத்தில் அவன் வாசிப்பு மங்கலாகத்தான் கேட்கும்.

இதோடு அவன் வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை, ஊரே தன்னைத்தான் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டே நடக்கும். டேவிட் எல்கைண்ட் 1967-இல் இதற்குக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று பேர் வைத்தார். உங்கள் மகனுக்கோ கற்பனைக்குத் தேவையே இல்லை, வகுப்பே வீடியோவைப் பார்த்துவிட்டது.

அதனால் இப்போதைக்கு ஏறுவதா விடுவதா என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டாம், முதலில் பேசுங்கள். "ஏன் வேணாங்கிற?" என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளைகள் காதில் அது விசாரணை. எதிரில் உட்கார வைத்துப் பேசுவதும் வேண்டாம். கீபோர்டு கிளாஸுக்கு வண்டியில் கூட்டிப் போகும்போது, முகம் பார்க்காமல், "அந்த வீடியோவில உனக்கு எது பிடிக்கலைடா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டாலும் விட்டுவிட்டு வேறு பேசுங்கள். இரண்டு நாள் கழித்து அவனே வருவான், பெரும்பாலும்.

அவன் சொல்வது நான் நினைப்பதுதான் என்றால், பாட்டை அவன் கையில் கொடுத்துவிடுங்கள். எப்போது தொடங்குவது, எந்த வேகம், எங்கே முடிப்பது, எல்லாம் அவன் தலையாட்டலில் நடக்கட்டும். அந்த இன்டர்லூடை எடுத்துவிடலாமா என்றும் கேளுங்கள். பள்ளி மேடையில் அதைக் கேட்டு யாரும் மார்க் குறைக்கப் போவதில்லை. வைத்துக்கொள்கிறேன் என்றால், கை தானாகப் போகும் வரைக்கும் மெதுவான நடையில் பழகட்டும். அங்கே அவன் விட்டால் நீங்கள் ரோல் போடாதீர்கள். நடையை மட்டும் பிடித்துக்கொண்டு, அவன் உள்ளே வரும் வரை அதையே திரும்பத் திரும்ப வாசியுங்கள். இதை முன்கூட்டியே அவனிடம் சொல்லி, வேண்டுமென்றே விடச் சொல்லி இரண்டு தடவை பழகியும் பாருங்கள். ஷோவுக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேரை மாடிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தால் பாதி பயம் அங்கேயே போகும். அன்றைக்கு அவர்கள் உங்களைப் பாராட்ட ஆரம்பித்தால், பேச்சை அவன் பக்கம் திருப்பிவிடுவது உங்கள் பொறுப்பு.

இவ்வளவுக்குப் பிறகும் தனியாகத்தான் என்றால், தனியாகவே வாசிக்கட்டும். வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத பிள்ளையிடம் வாங்குகிற சம்மதத்துக்கு மதிப்பில்லை. தனிப் பிரிவுக்குப் பெயரை மாற்ற முடியுமா என்று கிளாஸ் டீச்சரிடம் நீங்களே போய்க் கேளுங்கள், அவனை அனுப்பாதீர்கள். ஷிஃப்டை மாற்றிக்கொண்டு கூட்டத்தில் போய் உட்காருங்கள். உங்களுக்கு வலிக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. "உன்கூட வாசிக்கணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு" என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள், தப்பில்லை. தபேலா காசில் கீபோர்டு வாங்கின கணக்கை மட்டும் அவனிடம் இப்போது எடுக்காதீர்கள். சட்டையைப் பொங்கலுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்லுங்கள்.

அந்தப் பையனின் கேள்வியை நான் மறந்துவிடவில்லை. "எங்க ஊரு திருவிழாவுல அடிச்சவருதானே" என்பதை ஆச்சரியமாகவும் கேட்கலாம், நக்கலாகவும் கேட்கலாம். எந்தக் குரலில் கேட்டான் என்பது உங்கள் மகனுக்கு மட்டுமே தெரியும், அவனிடம் கேளுங்கள். நக்கல் என்றால், அது தொடர்கிறதா, வேறு பசங்களும் சேர்ந்துகொண்டார்களா என்றும் கேளுங்கள். தொடர்ந்தால் டேலன்ட் ஷோ முடியட்டும் என்று காத்திருக்காமல் கிளாஸ் டீச்சரைப் பாருங்கள். போகும் முன் அவனிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தனக்குத் தெரியாமல் அப்பா ஸ்கூலுக்கு வந்து பேசினார் என்று இன்னொரு பையன் வாயிலாக அவன் கேட்கக் கூடாது.