தாத்தா ஏறாத கப்பல்

அன்புள்ள ஐயா,

எனக்கு 31 வயது. பர்மாவில் பகோ என்ற ஊரில் மாமா கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் என்று எதுவும் இல்லை, சாப்பாடும் கைச்செலவும்தான். 1964இல் எல்லோரையும் போலத் தாத்தாவும் கப்பலேறி இந்தியா போயிருந்தால் நான் இன்று எங்கேயோ இருந்திருப்பேன். அப்பாவும் எனக்கு முழுக் குடியுரிமை அட்டை வாங்கித் தரவில்லை. தாத்தாவின் பழைய தாள்கள் ஒரு பெட்டியில் கிடக்கின்றன, அவ்வளவுதான். அட்டை இல்லாததால் நினைத்த படிப்பும் போயிற்று. ஜாதகத்தில் சனி வேறு. அவரவர் வாழ்க்கைக்கு அவரவரே பொறுப்பு என்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கும் அது பொருந்துமா? இதைப் பற்றி நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்கள்.

கே., பகோ

அன்புள்ள கே,

புத்தகம் வேண்டாம். சனியையும் விட்டுவிடுங்கள். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, தாத்தாவின் தாள்கள் பெட்டியில் கிடக்கின்றன என்று, அதற்காகத்தான் இந்தப் பதில். எங்கள் தெருவில் போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர் காலமானார். வீட்டைச் சுத்தம் செய்தவர்கள் அவர் பெட்டியில் இருந்ததையெல்லாம் எடைக்குப் போட்டார்கள். அதில் எஃப்.ஆர்.சி. என்கிற அவருடைய வெளிநாட்டவர் பதிவுப் புத்தகமும் இருந்தது. இப்போது பேரன் அதைத் தேடி அலைகிறான். அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான்.

முதலில் உங்கள் தாத்தா. 1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். போனவர்கள் நகையையும் பணத்தையும் இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். போய் இறங்கியதும் வாழ்ந்துவிட்டார்களா? வியாசர்பாடியில் குடிசை போட்டவர்கள் உண்டு. மனம் கேட்காமல் திரும்பி வரப் புறப்பட்டு, எல்லையைத் தாண்ட முடியாமல் மணிப்பூர் எல்லை ஊரான மோரேயிலேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. போனதும் பாடுதான், இருந்ததும் பாடுதான். உங்கள் தாத்தா அந்த நெருக்கடியில் ஒரு முடிவெடுத்து, அந்த முடிவோடு கடைசிவரை வாழ்ந்தார். அவரை நீங்கள் கூண்டில் ஏற்றுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இனி சட்டம். 1982இல் வந்த குடியுரிமைச் சட்டம் மக்களை மூன்று வகையாகப் பிரித்தது. முழுக் குடியுரிமைக்கு இளஞ்சிவப்பு அட்டை, அதற்குக் கீழே இணைக் குடிமக்களுக்கு நீல அட்டை, அதற்கும் கீழே பச்சை அட்டை. இங்கேயே பிறந்து இங்கேயே வேலை செய்து வரி கட்டியவனை இரண்டாம், மூன்றாம் படியில் நிறுத்தியது அநியாயம். மருத்துவமும் பொறியியலும் நம் பிள்ளைகளுக்கு மூடிக்கிடந்தது அநியாயம். அதற்கு நீங்கள் பொறுப்பில்லை, உங்கள் அப்பாவும் பொறுப்பில்லை. எல்லாவற்றையும் ஏழையின் தலையிலேயே கட்டி ‘உன் வாழ்க்கைக்கு நீயே பொறுப்பு’ என்று உபதேசம் செய்கிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

ஆனால் அதே சட்டத்தில், மூன்றாவது தலைமுறைக்கு முழுக் குடியுரிமை கிடைக்கவும் வழி இருக்கிறது. அதற்குத் தாத்தா பாட்டி காலத்துத் தாள் வேண்டும். 1948 குடியுரிமைச் சட்டப்படி அவர்கள் விண்ணப்பித்திருந்தால் அதன் ரசீது வேண்டும். இல்லையென்றால், பர்மா சுதந்திரமடைந்த 1948 ஜனவரி 4க்கு முன்பே அவர்கள் இங்கே இருந்ததற்குச் சான்று வேண்டும். உங்கள் தாத்தா விண்ணப்பித்தாரா? உங்களுக்குத் தெரியாது. ஏன் தெரியாது? பெட்டியை நீங்கள் திறந்ததே இல்லை.

எங்கள் வீட்டிலும் கடை போனது. அப்பா வாசற்படியில் உட்கார்ந்து, கடையில் எத்தனை மூட்டை அரிசி இருந்தது, யார் யார் பாக்கி வைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த அடி அப்படி. அம்மா விடியற்காலையில் பட்டாணி அவித்துத் தெருத்தெருவாக விற்றாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பர்மியம் சந்தைக்குப் போதுமான அளவு பேசுவாள். குடியுரிமைக்கு மனுப் போடலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, துணைக்குப் பள்ளிக்கூடப் பையனான என்னை இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். நாளைக்கு வா என்றால் நாளைக்குப் போவாள். கடைசியில் மனுவை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள். அதன்மேல் எந்த முடிவும் வரவில்லை. அப்பாகூட, “இந்தத் துண்டுச் சீட்டுக்கா இவ்வளவு அலைச்சல்?” என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு வாத்தியாரைக் கொண்டு, அது என்ன தாள் என்று பின்பக்கத்தில் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் தாள்களையெல்லாம் எடுத்து வெயிலில் காயவைப்பாள். 82இல் சட்டம் வந்தபோது, முன்பே மனுப் போட்டிருந்தவர்களுக்குத்தான் நீல அட்டை என்றார்கள். அந்த ரசீதை வைத்துத்தான் எங்களுக்குக் கிடைத்தது.

கடையை இழந்ததற்கு அவள் பொறுப்பல்ல. அந்தச் சட்டத்தை எழுதியதும் அவள் அல்ல. அப்படியும் அவள் போனாள்.

நீங்கள் 31 வயதில் ‘அப்பா வாங்கித் தரவில்லை’ என்று எழுதுகிறீர்கள். தம்பி, கோபமாகவே சொல்கிறேன். பதினெட்டு வயதில் இதைச் சொல்லியிருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் அழுதிருப்பேன். பதின்மூன்று வருடங்கள் போய்விட்டன. அந்த வருடங்களை யாரும் பறிமுதல் செய்யவில்லை. அடுத்தவர் கடைக்குப் பைசா சுத்தமாகக் கணக்கு எழுதுகிறவருக்குத் தன் வீட்டுப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லையா?

மாமா விஷயம் சின்னது. சம்பளம் இவ்வளவு வேண்டும் என்று நேரில் கேளுங்கள், அத்தை மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். தரமாட்டேன் என்றால் கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு பகோவில் வேறு கடை இருக்கிறது.

சரி, இப்போது பெட்டிக்கு வாருங்கள். கறையான் அரித்திருந்தால் ஒட்டியிருக்கும் தாள்களைப் பிய்க்காதீர்கள், நிழலில் உலரவிட்டு மெதுவாகப் பிரியுங்கள். எல்லாவற்றையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பட்டியலில் உங்கள் பெயரும் அப்பா பெயரும் தாள்களில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்புவார்கள். அப்பா இருக்கும்போதே அவரையும் கூட்டிக்கொண்டு இமிகிரேஷன் ஆபீசுக்குப் போங்கள். அலையவிடுவார்கள், திரும்பவும் போங்கள். கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. தாளில் என்ன தேதி இருக்கிறது, உங்கள் தாத்தா மனுப் போட்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். பர்மியத்தில் மனு எழுத ஆள் தேவைப்பட்டால் நான் எழுதித் தருகிறேன்.