உலக நடப்புகள் பற்றியும் சொந்த வாழ்வில் எது அறம் என்பது பற்றியும் சேனலிங் வழியாக வழிகாட்டல் கேட்கலாமா?

கண்ணுக்குத் தெரியாத ஓர் உயர் சக்தி ஒருவர் வாய்வழியாகப் பேசுவதாக நம்பி அதனிடம் கேள்வி கேட்கும் சேனலிங் குழு ஒன்றில் ஆறு மாதமாக இருப்பதாகவும், இப்போது நடக்கும் போர்களைப் பற்றியும் தம் குடும்பத்தில் விரைவில் எடுக்கவேண்டிய ஒரு முடிவைப் பற்றியும் அங்கே கேட்க விரும்புவதாகவும் கேள்வியின் கீழே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவு என்ன என்று சொல்லவில்லை. பணம், நிலம், வயதான பெற்றோர் என்பவற்றுள் ஏதோ ஒன்று அதில் இருக்கும் என்றே எடுத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நானும் ஒரு காலத்தில் இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதி அனுப்பியவன் என்பதால் அந்தச் சேர்க்கை எனக்குப் பழக்கமானது.

கேட்கலாம் என்பதே என் பதில். ஆனால் அந்த முடிவு யாரைப் பாதிக்கப் போகிறதோ அவரிடம் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு கேளுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை.

2020 மே மாதம், ஊரடங்கின்போது, வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற எனக்கு நண்பர் ஒருவர் வழியாக அந்தக் குழு அறிமுகமாயிற்று. மாதம் இருமுறை ஞாயிற்றுக்கிழமை மாலை ஜூமில் பன்னிரண்டு பேர் கூடுவோம். நடத்திய அம்மையார் கண்களை மூடிச் சற்று நேரம் ஆழமாக மூச்சு விடுவார். பிறகு குரல் தாழ்ந்து, வேகம் குறைந்து, "நாங்கள்" என்று பன்மையில் பேசத் தொடங்குவார். கேள்விகளை இரண்டு நாள் முன்னதாகவே எழுதி அனுப்பிவிட வேண்டும். முதல் அரைமணி உலகத்துக்கு, அடுத்தது அவரவர் வாழ்க்கைக்கு. அவர் எங்களிடம் பெரிதாகப் பணம் எதுவும் வாங்கவில்லை. எவரையும் பயமுறுத்தியதும் இல்லை. அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. இதைப் படித்துவிட்டு "எல்லாம் மோசடி" என்று கீழே எழுதப்போகும் நண்பர்கள், அப்படிச் சொல்லிவிட்டால் என் பங்கு தவறு மறைந்துபோகிறது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். அந்த வசதியை எனக்கு யாரும் தர வேண்டாம்.

அந்த மாதங்களில் இத்துறையைப் பற்றி நிறையப் படித்தேன். அமெரிக்காவின் வர்ஜீனியா பீச்சில் வாழ்ந்து 1945இல் மறைந்த எட்கர் கேசி, உறக்கம் போன்ற நிலையில் கூறியவை 14,000க்கு மேல் பதிவாகியுள்ளன. அவற்றுள் பெரும்பகுதி தனி மனிதர்களின் உடல்நோய் குறித்தவை. உலகத்தைப் பற்றிச் சொன்னபோது, 1958க்கும் 1998க்கும் இடையில் ஜப்பானின் பெரும்பகுதி கடலுக்குள் போகும் என்று சொன்னார். அது நடக்கவில்லை. கென்டக்கியில், இயற்பியல் பேராசிரியராகவும் பின்பு விமானியாகவும் இருந்த டான் எல்கின்ஸ், கார்லா ருக்கர்ட் என்ற பெண்மணியின் வாய்வழியாக 1981 முதல் 1984 வரை 106 அமர்வுகளில் "ரா" என்ற ஒன்றிடம் கேள்விகள் கேட்டார். அன்றாடம் மாறிப்போகும் உலகச் செய்திகளைக் கேட்டால் தொடர்பு மங்கும் என்று அந்த "ரா" பலமுறை தடுத்திருக்கிறது. எந்தக் குரலையும் ஏற்பதற்கு முன் ருக்கர்ட் அதை ஏசுவின் பெயரால் சவால் விட்டுச் சோதிப்பாராம். தன் வாய்வழியாக வருவதையே ஐயப்பட்டுச் சோதித்த அந்தப் பெண்மணியிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. எங்கள் குழுவில் அப்படி எதையும் யாரும் சோதித்ததில்லை, நானும் கேட்டதில்லை.

நம் ஊருக்கே இது புதிதல்ல. சென்னை அடையாற்றில் 1882 முதல் இயங்கிவரும் பிரம்மஞான சபையின் (தியோசாபிகல் சொசைட்டி) தொடக்க காலமே, கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்களிடமிருந்து வந்தவையாகச் சொல்லப்பட்ட கடிதங்களால் நிறைந்தது. அந்த மகாத்மாக்களை நம்பியவர்களுள் ஒருவர், 1885 டிசம்பரில் பம்பாயில் முதல் காங்கிரஸ் மாநாடு கூட முன்னின்ற முன்னாள் ஆங்கிலேய அதிகாரி ஏ.ஓ. ஹியூம். நாட்டில் கலகம் மூளப்போகிறது என்று எச்சரிக்கும் அறிக்கைகளை ஏழு தொகுதிகளாகத் தாம் கண்டதாக அவர் நம்பினார்; அவை அரசாங்க அறிக்கைகள் அல்ல, குருமாரும் சீடர்களும் திரட்டித் தந்தவையாக அவர் நம்பியவை என்பதை பிபன் சந்திரா போன்ற வரலாற்றாசிரியர்கள் பின்னர் விளக்கினார்கள். காங்கிரசே அதனால்தான் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்கு வேறு பல காரணங்களும் வேறு பல மனிதர்களும் இருந்தார்கள். ஆனால் படித்த, நேர்மையான ஓர் அதிகாரி ஒரு நாட்டின் கதியைப் பற்றி அப்படிப்பட்ட இடத்திலிருந்து செய்தி வந்ததாக நம்பினார் என்பது எனக்கு அன்று பெரிய தைரியத்தைக் கொடுத்தது. அதே அடையாற்றில் 1909இல் கண்டெடுக்கப்பட்டு, உலக ஆசானாக வளர்க்கப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தி, 1929இல் ஹாலந்தின் ஓமன் நகரில் தமக்காகவே பிறர் அமைத்த சங்கத்தைத் தாமே கலைத்துவிட்டார் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. ஹியூமை வைத்துக்கொண்டேன், கிருஷ்ணமூர்த்தியை விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

இனி என் விஷயம். அப்பா 2019இல் உயில் எழுதாமல் காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் நஞ்சை, ஓர் ஓட்டு வீடு. பிள்ளைகள் நானும் என் தங்கையும் மட்டுமே. அவளுக்கு 1993இல் திருமணம் ஆயிற்று. 1989 மார்ச் 25 அன்று திருமணமாகாமல் இருந்த பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கைத் தமிழ்நாட்டுச் சட்டமே கொடுத்துவிட்டது; நாடு முழுமைக்கும் அது 2005இல் வந்தது. முப்பத்தைந்து ஆண்டு வங்கியில் அடமானப் பத்திரங்களைப் படித்த எனக்கு இது தெரியாதது அல்ல. 2020 ஆகஸ்டில், 2005க்கு முன்பே தந்தை இறந்திருந்தாலும் மகளுக்குப் பிறப்பால் பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன செய்தியைக் காலை நாளிதழில் வரிவிடாமல் படித்தேன். அன்று அவளுக்குத் தொலைபேசியில் பேசியிருக்கலாம். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

அக்டோபரில் குழுவுக்கு ஒரு கேள்வி அனுப்பினேன். அதன் வாசகம் என் குறிப்பேட்டில் இன்னும் இருக்கிறது: "முன்னோர் தேடிய நிலம் துண்டுபடாமல் காப்பது என் கடமையா?" இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. எழுதி, அடித்து, திரும்ப எழுதினேன். முதலில் எழுதிய வாசகத்தில் "என் தங்கை" என்ற சொல் இருந்தது. கடைசி வாசகத்தில் இல்லை. ஏன் அடித்தேன் என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

பதில் அழகாக வந்தது. நிலத்தைக் காப்பவன் முன்னோரின் ஒளியைக் காக்கிறான், அவன் தோளில் உள்ளது சுமை அல்ல, ஆசி என்ற பொருளில் அந்தத் தாழ்ந்த குரல் பேசியபோது எனக்குக் கண்கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அப்பாவை இழந்த துக்கம் அதில் இருந்தது. என் பேராசையும் அதிலேயே கலந்திருந்தது. இரண்டையும் பிரித்தறிய அன்று என்னால் முடியவில்லை.

2021 ஜனவரியில் தங்கையை ஊருக்கு வரச்சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்தில், தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பத்திரத்தைப் படிக்கவும் இல்லை. கைரேகை வைத்த பிறகு விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணா, கிளம்பறேன்" என்றாள். வீட்டுக்கு வந்து ஒருவாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்று நான் சொன்னேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

அதற்குப் பின்னும் அந்த ஞாயிறுகளில் தவறாமல் அமர்ந்தேன். 2022 பிப்ரவரி தொடக்கத்தில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழையுமா என்று நான்தான் கேட்டேன். இருள் திரள்கிறது, ஆனால் மனித இதயங்களில் ஒளி பெருகுகிறது என்று பதில் வந்தது. 24ஆம் தேதி படைகள் நுழைந்தன. முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொண்டோம். நுழையாமல் இருந்திருந்தாலும் அதே பதிலை வைத்து அதே செய்தியை அனுப்பியிருப்போம். நான் அனுப்பிய கேள்விகள் மொத்தம் 31. அவற்றுள் 26 உலகத்தைப் பற்றியவை. உலகத்துக்காகக் கவலைப்படும் மனிதன் என்று என்னை நினைத்துக்கொள்வது இதமாக இருந்தது. உக்ரைனைப் பற்றி எனக்கு என்ன பதில் வந்தாலும் நான் செய்யவேண்டியது எதுவும் இல்லை. அங்கே என்னால் யாருக்கும் அநியாயம் நேரவும் இல்லை. அந்தக் கேள்விகளில் எனக்குக் கிடைத்த நிம்மதி இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

2023இல் ஒரு கல்யாண வீட்டில், என் தங்கை, தன் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாவற்றையும் அடகு வைத்திருக்கிறாள் என்று உறவுக்காரப் பெண்மணி ஒருவர் என் மனைவியிடம் சொன்னார். அன்றிரவு குறிப்பேட்டை எடுத்துப் பழைய கேள்வியைப் படித்தேன். அடுத்த அமர்வுக்கு, அடித்த சொல்லையும் சேர்த்துப் புதிதாக எழுதி அனுப்பினேன்: "என் தங்கைக்கு உரிய பாதி நிலத்தை நான் வைத்துக்கொண்டிருப்பது அறமா?" பகிர்பவனே நிறைவடைகிறான், பிடித்திருக்கும் கை எதையும் பெறுவதில்லை என்று அதே குரல் அதே கனிவோடு சொன்னது. முந்தைய பதிலை அவர்கள் நினைவில் வைத்திருக்கவில்லை. வைத்திருக்க வேண்டும் என்றும் நான் எதிர்பார்க்க முடியாது. நான் எதைக் கேட்டேனோ அதற்குத்தான் இரண்டு முறையும் பதில் வந்தது.

சங்கப் பாடல்களில் வெறியாட்டு என்ற ஒரு சடங்கு வரும். காதலால் மெலிந்த மகளுக்கு என்ன நோய் என்று அறிய, தாய், முருகனின் பூசாரியான வேலனை அழைத்து முருகனை வரவழைப்பாள். காரணம் தெரிந்த மகளும் தோழியும் அதே வீட்டில் இருப்பார்கள். அவர்களைத் தாய் கேட்கமாட்டாள். நற்றிணையின் 34ஆம் பாடலில் தோழி முருகனையே பார்த்துப் பேசுகிறாள். இந்த நோய் உன்னால் வந்ததல்ல என்று தெரிந்திருந்தும், வேலன் வேண்டினான் என்பதற்காகக் கடம்ப மாலை சூடி வந்துவிட்டாயே, நீ கடவுளாகவே இருந்தாலும் அறியாதவன்தான், வாழ்க என்கிறாள். பள்ளியில் படித்தபோது இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது அந்தத் தாயை நினைத்தால் பயமாக இருக்கிறது. அவளுக்கு மகள்மேல் அன்பில்லாமல் இல்லை. உண்மையான பதில் எந்த அறையில் இருக்கிறதோ அந்த அறைக்குப் போக அவளால் முடியவில்லை.

தங்கை வீட்டுக்கு நான் தனியாகவே போனேன். விஷயத்தைச் சொல்லி, பாதி நிலத்தைத் திருப்பி எழுதித் தருகிறேன் என்றேன். அவள் உடனே மகிழ்ந்துவிடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, "அன்னிக்கு நீங்க என்னைக் கேட்டிருந்தா, வேண்டாம்னு நானே சொல்லியிருப்பேனோ என்னவோ அண்ணா. ஆனா என்னை யாருமே கேக்கலியே" என்றாள். நிலம் போனதைவிட அதுதான் அவளுக்கு வலித்திருக்கிறது. எந்தப் பெரிய சக்தியாலும் இதை எனக்குச் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் இது அவளிடம் மட்டுமே இருந்த செய்தி. அடுத்த மாதமே தானசெட்டில்மென்ட் பத்திரம் பதிவாயிற்று. முத்திரைத்தாளுக்கு இரண்டு முறை செலவழித்ததைச் சொல்லிச் சொந்தக்காரர் சிலர் இன்றும் என்னைக் குத்திக்காட்டுகிறார்கள். முதல் பத்திரத்தின்போது ஒரு வார்த்தை பேசாதவர்கள் இரண்டாவதற்கு மட்டும் கணக்குக் கேட்பது எனக்கு ஆற்றவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இதனால் சேனலிங்கே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் கிராமத்தில் கோடாங்கி உடுக்கை அடித்துக் குறி சொல்லி, பிரிந்திருந்த அண்ணன் தம்பியை ஒரே பந்தியில் உட்கார வைத்ததைச் சிறுவயதில் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே இரண்டு பேரும் எதிரில் நின்றார்கள். ஊரே சுற்றி நின்று கேட்டது. ஒரு தரப்பை மறைத்துவிட்டுக் குறி கேட்க முடியாது. நம் ஜூம் கூட்டத்தில் எதிர்த்தரப்பு கிடையாது. நீங்கள் எழுதி அனுப்பும் வரிதான் அங்கே முழு உலகமும்.

ஆகவே உங்கள் கேள்வியை அனுப்புவதற்கு முன், அதில் பாதிக்கப்படுகிறவரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேருங்கள். சேர்த்த வாசகத்தை அவர் முன்னால் உரக்கப் படித்துக் காட்ட உங்களால் முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், பிறகு எந்த உயர்ந்த சக்தியிடமும் தாராளமாகக் கேளுங்கள்.

நானும் எப்போதாவது அந்தக் கூட்டத்தில் சேர்வதுண்டு. தியானத்துக்காக இருப்பேன், கேள்வி அனுப்புவதில்லை. இந்தப் பதிலை இங்கே இடுவதற்கு முன் தங்கைக்கு அனுப்பி, போடலாமா என்று கேட்டேன். ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.